ஜெசிக்காவுக்குச் சுழியோடி வாத்தியார் பார்த்த கதை

பேசாலை,
ஞாயிறு பூசைக்குப் பிறகு, சாப்பாட்டுக்கு முன்.

என்றும் பாசம் குறையாத தங்கை வசந்தமலருக்கு,

உன் சின்னண்ணன் கொன்ஸ்ரன்ரைன் எழுதுவது. நீயும் மச்சானும் பிள்ளைகளும் அந்தக் கனடாக் குளிரில் தடிமன் காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்க வெற்றி மாதாவை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே உன் மச்சாள் பெற்றிசியா சுகம், மகள் ஜெசிக்கா சுகம், ஆடுகளும் சுகம். எனக்கு மட்டும் பிரஷர். வட்சப் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். வட்சப் என்றால் பெற்றிசியா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், பிறகு அது வீட்டுக் கதையல்ல, ஊர்க் கதை. இது உனக்கும் எனக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: உன் மருமகளை இனித் தடுக்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதான்.

கடலுக்கு அடியில் தாண்டுபோய்க் கிடக்கிற பழைய கப்பல்களைப் படமெடுத்து அளக்கிற ஒரு குழுவோடு அவள் வேலை செய்கிறாள் என்பது உனக்குத் தெரியும். சாதாரணமாகச் சிலிண்டர் கட்டிக்கொண்டு சுழியோடுகிற பயிற்சியைப் போன வருடமே முடித்துவிட்டாள். அதற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது அதற்கு மேலே ஒன்று இருக்கிறதாம், டெக்னிக்கல் டைவிங். பெயரைக் கேட்டால் தையல் மெஷின் திருத்தப் பழக்குகிற வகுப்புப் போல இருக்கிறது. ஆனால் அவள் விளங்கப்படுத்தியதைக் கேட்டால் உனக்கும் பிரஷர் வரும். மிக ஆழத்துக்குப் போவார்களாம், ஒன்றுக்கு இரண்டு மூன்று சிலிண்டராம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு காற்றுக் கலவையாம், எந்த ஆழத்தில் எதை வாயில் வைப்பது என்பதில் பிசகினால் ஆளே முடிந்ததாம். எல்லாவற்றையும் விட, நினைத்தவுடன் மேலே வர முடியாதாம். உடம்பில் ஊறிய காற்று அடங்கும் மட்டும், இடையிடையே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்று நின்றுதான் வர வேண்டுமாம். பிறந்த நாள் தொட்டு ஒரு இடத்தில் நில்லாத பிள்ளைக்கு வந்த ஆசையைப் பார்.

நான் கடற்தொழிலாளர் சங்கக் கந்தோரில் கதிரையில் இருந்தே காலம் கழித்தவன், வள்ளம் ஆடினால் வாந்தி எடுக்கிறவன், நான் சொன்னால் கேட்பாளா? அதனால் நேரே எங்கள் மூத்தவர் சிங்கராசா அண்ணனிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சிலிண்டர் கட்டிக்கொண்டு சங்கு எடுக்கப் போன காலத்தில், ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று தெரிந்தும், சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பேசாமல் இறங்கி, கீழே அந்தரப்பட்டு விறுக்கென்று மேலே வந்து, அன்றிலிருந்து இடது காலை இழுத்துக்கொண்டு நடக்கிறாரே, அந்தக் காலைக் காட்டினால் போதும், பிள்ளை வழிக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். காலையும் காட்டினார். காட்டிவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு ஒருத்தரும் பழக்கித் தரேல்லை. இண்டைக்கு வேண்டாம் எண்டு சொல்லவும் ஆள் இருக்கேல்லை. இவளுக்குப் பழக்க ஆள் இருக்கெண்டா, நல்ல ஆளாப் பாத்துக் குடு" என்றார்.

ஜெசிக்கா உடனே அதைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் பாத்துச் சொல்லுற ஆளிட்டத்தான் படிப்பன் அப்பா. நீங்கள் ஓமெண்டு சொல்லாமப் போக மாட்டன்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெரிய சந்தோசம். எந்த வாத்தியாருக்கும் ஒரு குறை இல்லாமலா போகும்? உனக்கு வந்த மாப்பிள்ளைமாரை எங்கள் அப்பா எப்படி ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானும் அந்த வழியிலேயே இறங்கினேன்.

முதலில் தென்பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பயிற்சி கொடுக்கிற ஒருவரோடு போனில் கதைத்தேன். எதைக் கேட்டாலும் பிரச்சினை இல்லை என்றார். கெதியாக முடிக்கலாமா என்றேன், பிரச்சினை இல்லை. யாராவது தேறாமல் போனதுண்டா என்றேன், ஒருவருமே இல்லை, வந்தவர்கள் எல்லோருக்கும் சேட்டிபிக்கட் என்றார். நீரே கடைசியாக அந்த ஆழத்துக்கு எப்போது போனீர் என்று கேட்டேன், அப்போது மட்டும் லைன் சரியில்லாமல் போய்விட்டது. சங்கக் கந்தோரில் இருந்தவனுக்குத் தெரியாதா, எதற்கும் பிரச்சினை இல்லை என்கிற ஆள்தான் பிரச்சினை. அவரை அத்தோடு தட்டிவிட்டேன்.

அடுத்தது தலைமன்னாரில் வெள்ளைக்காரருக்குச் சுழியோடக் காட்டிக் கொடுக்கிற றொகான் என்கிற பெடியன். இங்கேதான் நான் குழியில் விழுந்தேன். ஒரு வாத்தியாரைப் பற்றி எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரேயொரு விசாரிப்புத்தானே. கோயில் உபதேசியாரைப் பிடித்து, பெடியன் குடிப்பானா, பூசைக்கு வருவானா, கோபக்காரனா, குடும்பத்தில் நோய் வருத்தம் ஏதும் உண்டா, பொறுப்பாகப் பிள்ளையைப் பார்ப்பானா என்று கேட்டேன். அவரும் அந்த ஊரில் நாலு பேரிடம் கேட்டிருக்கிறார். அடுத்த ஞாயிறு பின்னேரம், வாசல் படலையில் படுத்திருந்த கழுதைகளை எழுப்பிக் கலைத்துக்கொண்டு, றொகானின் தாய் கேக்கும் வாழைப்பழமுமாகப் பொம்பிளை பார்க்க வந்துவிட்டா. பின்னால் அந்தப் பெடியன், முகம் சிவந்து, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு. ஜெசிக்கா மீன் கழுவின கையோடு வந்து நின்று, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்து வழிந்தது. தாய்க்குச் சரியான மனவருத்தம். பெற்றிசியாவுக்கு அதைவிட மனவருத்தம். "பெடியன் நல்ல பெடியன். கடலை விட்டிட்டுப் பெடியனை மட்டும் எடுப்பமே?" என்று என் காதுக்குள் கேட்டாள்.

றொகான் நேர்மையான பெடியன், அதைச் சொல்லத்தான் வேண்டும். தான் பழக்குவது மேலோட்டமான சுழியோடல்தான், இந்தப் பெரிய பயிற்சி தரத் தனக்குத் தகுதி இல்லை என்று தானாகவே சொன்னான். திருகோணமலையில் நிஸ்லா என்று ஒருவர் இருக்கிறா, கொண்டச்சியில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்தவ, ஒரு முறைக்கு இரண்டு பேருக்கு மேல் எடுக்க மாட்டா, தான் படிக்கப் போன முதல் முறை தன்னையே போதாது என்று வீட்டுக்கு அனுப்பினவ என்றான். தங்கச்சி, அந்தக் கடைசி வசனம் என் காதில் தேனாக விழுந்தது. ஆட்களைத் திருப்பி அனுப்புகிற வாத்தியார். இவரைத் தெரிவு செய்தால் நானும் சொல் தவறாத தகப்பன், பிள்ளையும் வீட்டில். இவர்தான் என்று அந்த இடத்திலேயே ஓம் சொன்னேன்.

தன் ஊர் கொண்டச்சிக்கு வந்திருந்த நேரம் நிஸ்லா எங்கள் வீட்டுக்கே வந்தார். ஜெசிக்காவைப் பலதும் கேட்டார். அவள் இறங்கின ஆழம், காற்று முடியப்போன நேரம் உண்டா, பயந்த நேரம் உண்டா, பயந்தபோது என்ன செய்தாள் என்றெல்லாம். பிறகு, அவள் போட்ட தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்து, மிச்சத்தை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அங்கிள், உங்களிட்ட ஒண்டுதான் கேக்கோணும். கடலுக்கு வந்த பிறகு, இண்டைக்கு வேண்டாம் எண்டு நான் சொன்னா, உங்கட மகள் கேப்பாவா, சண்டை பிடிப்பாவா?"

மாதாவே நேரில் வந்து எனக்காகத் திறந்துவிட்ட கதவு அது. சண்டைக்காரி, சொல்லுக் கேளாதவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. பெற்றிசியாவைக் கேள், அது பொய்யும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து ஒருவர் பிள்ளையைப் பற்றிக் கேட்கும்போது தகப்பனின் வாய் எப்படித் திறக்கும் என்று உனக்குத் தெரியாதா? "என்ர பிள்ளை சொல்லுக் கேக்கிற பிள்ளை, எதிர்த்து ஒரு கதை கதைச்சதில்லை, கோயில் பாட்டுக் குழுவில படிக்கிறவள், நல்லாச் சமைப்பாள்" என்று என் வாய் தன்பாட்டில் சொல்லிக்கொண்டு போனது. குசினிக்குள் பெற்றிசியாவுக்குப் புரையேறியது. நிஸ்லா சிரித்து, சமையல் தேவையில்லை, மற்றது போதும் என்று சொல்லி ஜெசிக்காவை எடுத்துக்கொண்டார். வருகிற புதன்கிழமை பயிற்சி தொடக்கம்.

இப்போது நான் எந்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்வது? ஓம் சொன்னவனும் நான், புகழ்ந்தவனும் நான். எனக்கு அவளைக் குறைத்து வைக்க ஆசை இல்லை, வசந்தமலர். அவள் கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். அண்ணனைப் படகிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தபோது கரையில் நின்றவர்களில் நானும் ஒருவன். மாமி சொன்னால் கேட்பாள். ஏதாவது சாட்டுச் சொல்லி, கனடாவுக்குக் கூப்பிட்டாவது அவளை மறித்துவிடு.

மச்சானுக்கு என் அன்பு. மருமக்கள் இருவரும் நன்றாகப் படித்து, குளிருக்குத் தொப்பி போட்டு, தமிழை மறவாமல் இருக்க இறைவன் ஆசீர்வதிப்பாராக. அன்னையின் அணைப்பு உன் வீட்டை விட்டு நீங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை நம்பியிருக்கும் சின்னண்ணன்,
கொன்ஸ்ரன்ரைன்.

பி.கு.: ஜெசிக்கா சுகம் என்று மேலே எழுதியது பிழை. கடித உறையை ஒட்டப் போகும்போது நிஸ்லா போன் எடுத்து, இந்த முறை ஜெசிக்காவைச் சேர்க்கவில்லை என்றார். நான் கேட்டுக் கிடந்த வரம் கையில் விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "என்ர பிள்ளைக்கு என்ன குறை எண்டு வேண்டாமெண்டுறியள்?" என்று சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "நான் வேண்டாமெண்டேல்லை அங்கிள். அவதான் இண்டைக்குக் காலமை எனக்குப் போன் எடுத்து, தடிமன், காது அடைச்சிருக்கு, நான் இறங்க மாட்டன் எண்டவ."

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். அவர் தன் இடது காலைத் தடவினார். எங்கள் குடும்பத்தில் கடலுக்குப் போனவர்களில், இண்டைக்கு வேண்டாம் என்று தானாகவே சொன்ன முதல் ஆள் இவள்தான், தங்கச்சி. பிறகு அண்ணன், "பிள்ளைக்குக் கொத்தமல்லி அவிச்சுக் குடு" என்றார்.

ஆகையால் மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துப் போடு. ஜெசிக்காவை மறிக்க வேண்டாம். நிஸ்லாவுக்கு ஒரு கோல் எடுத்து, அடுத்த முறை எங்கள் பிள்ளைக்குக் கட்டாயம் இடம் வேண்டும் என்று நீயும் ஒரு சொல் சொல்லு. நல்லாச் சமைப்பாள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவள் போட்ட தேத்தண்ணியை அவர் குடித்தவர்.