மாப்பிள்ளை வீட்டாரை அசையவிடாத நத்தை

ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. "என்ன படிக்கிறே?" என்று யாராவது மரியாதைக்குக் கேட்டால், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்று நம்பிவிடுவோம். எனக்கு அது நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான், காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், "என்ன ஆத்தா படிக்கிற?"

"கடல் நத்தை, அத்தை."

அவர் முகம் சுருங்கியது. (மழைக்காலத்தில் சுவரில் வழவழவென்று ஊர்வது நினைவுக்கு வந்திருக்கும், பாவம்.) சும்மா இருப்பேனா? "இது கடுகுல பாதிதான் இருக்கும் அத்தை, அம்புட்டு அழகு!" என்று உள்ளே ஓடி, தொண்டிக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்துவந்தேன். அடியில் மணல், மேலே கடல்நீர், அதில் ஒரே ஒரு நத்தை. வாரக்கணக்கில் மணலைச் சலித்ததில் உயிரோடு கிடைத்தது அது ஒன்றுதான்.

பட்டுப்புடவை காலைத் தடுக்கியது. நான் விழவில்லை. ஆனால் கிண்ணத்து நீரில் பாதி தரையில் கொட்டியது. உள்ளே பார்த்தேன். நத்தையைக் காணோம்.

"யாரும் காலை எடுக்காதீக! உசுருள்ள நத்தை கீழ விழுந்துருச்சு!"

நான் போட்ட சத்தத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா வாயருகே கொண்டுபோன பஜ்ஜியோடு சிலையானார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "தப்பா நினைக்காதீக, ராத்திரி சரியாத் தூங்கல" என்று அப்பா எனக்காகப் பொய் சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மாவோ சட்டென்று தரையில் மண்டியிட்டுவிட்டார். "உசுருள்ளதாம்ல, மிதிச்சிறாதீக. எங்குட்டுப் போயிருக்கும்? தேடுங்கப்பா."

கிண்ணத்தை மாப்பிள்ளை கையில் திணித்துவிட்டு நானும் தேடினேன். சம்பந்தம் பேச வந்தவர்கள் பூப்போட்ட தரையைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏங்க, இதுல மண்ணு அசையுதே?" என்றார் மாப்பிள்ளை.

அசைந்தது. மணலை விலக்கிக்கொண்டு என் நத்தை சாவகாசமாக மேலே வந்தது. மணலுக்குள் புதைந்து வாழ்கிற நத்தை அது. கிண்ணம் ஆடியதும் புதைந்துகொண்டுவிட்டது. (அது எப்படிப் புதைகிறது என்பதுதான் என் ஆராய்ச்சித் தலைப்பே!)

பிறகு சித்தப்பா மெதுவாகக் கேட்டார், "ஆத்தா, இப்பப் பஜ்ஜியத் திங்கலாமா?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். அவர் இப்போது என் மாமியார். வீட்டில் சாவி, மூக்குக்கண்ணாடி என்று எது தொலைந்தாலும் என்னைத் தேடக் கூப்பிட விடமாட்டார்.

"அவகிட்டச் சொல்லாதீக. அம்புட்டுப் பேரையும் நின்ன எடத்துலயே நிப்பாட்டிருவா."