ஆனா நைனா கேட்ட கூலி

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, முதலாளி, தொழிலாளி ஆகிய நான்கு தரப்பையும் ஒரே வாரத்தில் பகைத்துக்கொண்ட மனிதர் ஒருவர்தான். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நான் கணக்கெழுதிய அரிசி மில்லில் அவர் மூட்டை தூக்கினார். எல்லோருக்கும், என் கூலி நோட்டில்கூட, அவர் ஆனா நைனா.

யார் எதைச் சொன்னாலும் "ஆனா" என்று ஆரம்பிப்பார். அவர் கல்யாணப் பேச்சின்போது பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெரியவர்கள் கேட்டபோதுகூட, "ஆனா அவங்களுக்கு என்னப் பிடிக்கணும் இல்ல" என்றாராம். பெண் வீட்டார் கோபித்துக்கொண்டு போய், பெண்ணே சொல்லியனுப்பிய பிறகு திரும்பி வந்தார்களாம்.

அந்த வருஷம் மில் முழுக்கக் கூலிப் பேச்சாக இருந்தது. அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைக்கூட எங்கள் மில்லில் கொடுக்கவில்லை. டீக்கடையில் லோடுமேன்கள் கூடி, கேட்டே ஆக வேண்டும் என்றார்கள்.

"ஆனா ஏத்திக் குடுத்தா மொதலாளி மெசினைக் கொணாந்து நிறுத்துவாரு. அப்பால நீ இன்னா தூக்குவ, காத்தையா?" என்றார் நைனா.

அன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் சாப்பிடவில்லை.

சேதி முதலாளியின் காதுக்குப் போனது. மகிழ்ந்துபோய் நைனாவை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தன் பிளாஸ்கிலிருந்தே டீ ஊற்றினார்.

"நீதான்யா புரிஞ்சவன். கூலி ஏறினா அரிசி விலை ஏறும். அதை நீங்களே வாங்க முடியாது."

"ஆனா மொதலாளி, டீசல் ஏறுனப்ப லாரிக்காரனுக்கு ஏத்திக் குடுத்தீங்களே. அப்ப அரிசி விலைய நெனைக்கலையா?"

டீ பாதி டம்ளரோடு நின்றுவிட்டது. நைனா அந்தப் பாதியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார்.

அது தேர்தல் சமயம் வேறு. ஒரு கட்சியின் வேன் மில் வாசலில் நின்று, நாங்கள் வந்தால் கூலியை உயர்த்துவோம் என்றது. "ஆனா இப்ப கீற கூலியவே எவனும் குடுக்கல. அத மொதல்ல வாங்கிக் குடுங்க" என்றார். பின்னால் வந்த கட்சி, கூலியை ஏற்றினால் சிறுதொழில் செத்துப்போகும் என்றது. "ஆனா ஏத்தாததால நாங்க சாவறோமே, அது இன்னா கணக்கு?" என்றார். இரண்டு வேன்களிலிருந்தும் ஆட்கள் இறங்கி அவரைத் துரத்தினார்கள். அந்தத் தேர்தலில் இரு கட்சிகளும் சேர்ந்து செய்த காரியம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

நவரைப் பட்டத்து அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்தது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காயவைக்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் கன்னியம்மா. ஒருநாள் காலை சட்டப்படி கூலி கேட்டு எல்லோரும் காலால் நெல்லைக் கிளறுவதை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். லோடுமேன்களும் உட்கார்ந்தார்கள். வானம் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது.

முதலாளி களத்துக்கே வந்தார். மிஷின் வரும் என்று டீக்கடையில் சொன்னதையே சொல்லி ஆட்களைக் கலைக்க நைனாவைத்தான் முன்னால் நிறுத்தினார். நைனாவும் அதை நம்பியே பேசினார். "மெசின் வந்தா மொதல்ல போறது நாமதான். வூட்டுக்குப் போயி யோசிங்க" என்றபோது நாலைந்து பேர் எழுந்துகூட விட்டார்கள்.

முதலாளி அதோடு விட்டிருக்கலாம். "அதுவும் இந்தப் பொம்பளைங்க செய்யற வேலைக்கு இப்ப குடுக்கறதே ஜாஸ்தி" என்றார்.

நைனா திரும்பினார். "ஆனா மொதலாளி, வெயில்ல ஆம்பள வெயில் பொம்பள வெயில்னு தனியா கீதா? அந்தம்மா பாதத்தப் பாருங்க. அடுப்புல வெச்ச மாதிரி வெந்து கீது."

கன்னியம்மா சட்டென்று காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். முதல் தூறல் விழுந்ததும் முதலாளி ஒத்துக்கொண்டார். சட்டப்படியான கூலி, ஆணுக்கும் பெண்ணுக்கும். எல்லோரும் ஓடி நெல்லை வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டார்கள்.

அடுத்த அறுவடைக்குள் மூட்டையை லாரிக்கு ஏற்றும் பெல்ட் மிஷின் வந்து சேர்ந்தது. லோடுமேன்களில் பாதிப் பேர் நிறுத்தப்பட்டார்கள். முதல் ஆள் நைனா.

"நீ சொன்னதுதான் நடந்தது. அப்புறம் ஏன்யா மாத்திப் பேசினே?" என்று அவரிடம் கேட்டேன்.

"நான் மாத்தியே பேசல சார். மெசின் வரும்னதும் நெசம், அந்தக் காலு வெந்ததும் நெசம். ரெண்டும் நெசமா கீதே, நான் இன்னா பண்றது" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

போன மாதம் வாலாஜாபாத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு கட்டடத்து வாசலில் வாட்ச்மேன். யாருக்கோ தைத்த நீலச் சட்டை தோளிலிருந்து வழிந்தது. பாதி ஆளாகியிருந்தார். முதுகு நிமிரவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய், வேலைக்கு வைத்த காண்டிராக்டர் சட்டப்படி கூலி கொடுக்கிறானா என்று கேட்டேன்.

"இங்க நான் ஒத்த ஆளு சார். யாரோட சேந்து கேக்கறது?" என்றார்.

வழிந்த சட்டையைத் தோளுக்கு இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "களத்துல பொம்பளைங்களுக்கு ஒழுங்கா குடுக்கறாரா?" என்றார்.

"குடுக்கறார். கன்னியம்மா விடறதில்லை."

தலையை ஆட்டிக்கொண்டார். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உத்திரமேரூர் பஸ் வந்து நின்றது. "போங்க சார், இத வுட்டா பேஜாராயிடும்" என்றார். நான் அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது.