கால்டரின் முழங்கால்

புதன்கிழமை காலை மேலதிகாரி கால்டர் வலது காலை இழுத்து இழுத்து நடந்து வருவதைப் பார்த்ததும் சிவசங்கரன் டிரேசிங் தாளில் ஒரு கோடு கூடுதலாகப் போட்டுவிட்டான்.

செவ்வாய்க்கிழமை அவர் இழுத்தது இடது காலை.

"பரவுது, கார்மேகம்," என்றான் சிவசங்கரன்.

"என்னா சார் பரவுது?"

"முழங்கால் வலி. நேத்து இடது. இன்னிக்கு வலது."

"முழங்கால் வலி எங்கயாச்சும் பரவுமா சார்? அது என்ன அம்மையா?"

"கண்ணு முன்னால பரவுதே!"

கார்மேகம் அம்மோனியா நகல் மெஷினுக்குத் திரும்பினான். இராமநாதபுரத்துக்காரன். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. சிவசங்கரன் மையால் வரைந்ததை மருந்து பூசிய தாளின் மேல் வைத்து உள்ளே தள்ளுவான். வெளிச்சம் பட்ட இடம் வெளுத்துவிடும். படாத கோடுகள் அம்மோனியா ஆவியில் நீலமாக எழுந்து வரும். எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். இந்தச் சிக்கலெல்லாம் அந்த மெஷினிலிருந்து தொடங்கியதுதான்.

1978 ஜனவரி. ஜெபல் அலியில் துறைமுகத்துக்காகக் கடலோரத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கக் கம்பெனி. விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பொழுது போகாத அமெரிக்கர்கள் தங்கள் ஊர்க் கால்பந்து ஆட ஆசைப்பட்டார்கள். அபுதாபியில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிற அமெரிக்கர்கள் ஒரு அணி வைத்திருந்தார்கள். மோதிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தலைக்கவசமும் தோள் கவசமும் கப்பலில் வந்தன. மணலை ரோடு ரோலர் விட்டு இறுக்கி, சுண்ணாம்பில் கோடு போட்டார்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கஜம் முன்னேறினால் மேலும் நான்கு. ஒவ்வொரு வாய்ப்பிலும் நடுவில் குனிந்து நிற்கும் ஆள் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் கொடுப்பான். அதை வாங்குகிறவன் குவாட்டர்பேக். அவன் பந்தை எறியலாம், பக்கத்தில் ஓடுகிறவன் கையில் திணிக்கலாம், தானே ஓடலாம். எதைச் செய்யவும் அவனுக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்று வினாடி. அந்த மூன்று வினாடிக்குள் அவனைத் தரையில் சாய்ப்பதற்கென்றே எதிரணியில் லாரி மாதிரி சில ஆட்கள் இருப்பார்கள். சாய்க்கலாம், அது விதிமீறல் இல்லை.

அதனால்தான் எந்த அணியும் ஒரே ஒரு குவாட்டர்பேக்கை நம்பி இறங்குவதில்லை. இன்னொருவனைக் கோட்டுக்கு வெளியே தயாராக நிறுத்தி வைக்கும். அவனுக்கும் எல்லாத் திட்டங்களும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். கையில் கிளிப் வைத்த பலகையோடு நின்று குறிப்பு எடுக்க வேண்டும். முதல் ஆள் விழுந்து விழுந்து எழுகிறவரை இவனுக்கு ஆபத்து இல்லை. ஒரு தடவை எழாமல் போனால், இவன் முறை.

ஜெபல் அலி அணியின் முதல் ஆள் கால்டர். அந்த இன்னொருவன் சிவசங்கரன்.

சிவசங்கரன் இதைக் கேட்டு வாங்கவில்லை. ஆளுக்கொரு நகல் எடுக்க, முப்பத்திரண்டு ஆட்டத் திட்டங்களையும் வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். வரைந்தான். கடல்நீர்க் குழாயும் மின்சாரக் குழாயும் எங்காவது ஒன்றோடொன்று மோதுகிறதா என்று பார்ப்பது அவன் தொழில். அந்தப் பழக்கத்தில் இதையும் பார்த்துவிட்டு, "சார், பதினாலாவது திட்டத்துல நம்ம ஆளுங்க ரெண்டு பேர் இந்த இடத்துல முட்டிக்குவாங்க" என்று சொல்லிவிட்டான்.

கால்டர் அவனைப் பார்த்த பார்வையில் கண்ணீர் இருந்தது. "சிவ், உன்னை இத்தனை நாள் எங்கே ஒளிச்சு வெச்சிருந்தாங்க? நீதான் என்னோட மாற்று ஆள்," என்றார்.

கால்டர் சாதாரண ஆள் இல்லை. அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணி ஒன்றில் ஒன்பது வருடம் குவாட்டர்பேக். அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு புகைப்படம் தொங்கியது. பனி கொட்டும் மைதானம். சேறு அப்பிய ஆட்கள். நடுவில், சலவையிலிருந்து வந்த மாதிரி வெள்ளை உடையில் கால்டர். "எத்தனை மேட்ச் சார்?" என்று ஒருமுறை சிவசங்கரன் கேட்டான். "ஒன்பது வருஷம். ஒரு மேட்சுக்குக்கூட நான் போகாம இருந்ததில்லை," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அந்த மேஜையில், இடது பக்கத் தட்டில், சிவசங்கரனின் கடிதம் கிடந்தது. பிரபாவதியை அழைத்து வருவதற்கான ஃபேமிலி விசாக் கடிதம். கால்டர் கையெழுத்துப் போட வேண்டும். "மேட்ச் முடியட்டும், போட்டுடறேன்," என்றிருந்தார். திருச்சியில் பிரபாவதி ஏற்கெனவே பெட்டி கட்டிவிட்டாள். மிளகாய்ப்பொடி எத்தனை கிலோ என்பதுதான் பாக்கி.

ஆட மாட்டேன் என்றால் கையெழுத்து இல்லை. ஆடிக் கை உடைந்தால், கை உடைந்த டிராஃப்ட்ஸ்மேனை வைத்து எந்தக் கம்பெனியும் சோறு போடாது. மெடிக்கல் அன்ஃபிட், 'கலாஸ்', கதை முடிந்தது, அடுத்த விமானம். வழி ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை கால்டர் என்கிற மனிதர் நல்லபடியாக இருக்க வேண்டும்.

"தைலம் தேய்ப்போம்," என்றான் சிவசங்கரன்.

ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சைத் தைலத்தை எடுத்துப் போய், கால்டர் மறுக்க மறுக்க இரண்டு முழங்காலிலும் தேய்த்தான். இந்தத் தைலம் தோலைச் சூடாக்கி இரத்தத்தை அந்த இடத்துக்கு வரவழைத்து வலியைப் போக்கும் என்று விளக்கவும் செய்தான். வெள்ளைக்காரத் தோல் அந்தச் சூட்டுக்குப் பழக்கமில்லாதது. பத்து நிமிடத்தில் இரண்டு முழங்காலும் தக்காளியாயின.

"ஐயோ, எரியுது சிவ்!" என்றார் கால்டர். பிறகு முழங்கால்களை உற்றுப் பார்த்தார். "இது மோசமாத்தான் தெரியுது, இல்ல? வெள்ளிக்கிழமை சந்தேகம்தான்."

சிவசங்கரனுக்கு அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

மறுபடி யோசித்தான். ஆபீஸ் இருந்த கேபினுக்கு ஏற நான்கு படிகள். ஏறி இறங்குவதால்தான் முழங்கால் தேய்கிறது. தச்சரைப் பிடித்து, படிகளின் மேல் ஒரு பிளைவுட் பலகையைச் சரிவாக அடிக்க வைத்தான். ஒன்றுக்கு நாலு என்கிற சரிவு. கணக்கெல்லாம் போட்டுத்தான் செய்தான். கணக்கில் வராதது, கடலோரக் குளிர்காலத்தில் விடியற்காலைப் பனி பலகையில் எண்ணெய் மாதிரி படியும் என்பது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கால்டர் கேபினை விட்டு வெளியே வந்தார். பலகையைப் பார்த்தார். ஒரு நிமிடம் யோசித்தார். காலை வைத்தார்.

கீழே கிடந்த சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்த நிலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எறியற கை," என்றார் அமைதியாக.

"சார், பலகை யாரு போட்டதுன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று கார்மேகம் காதில் கேட்டான்.

"வாயை மூடு."

"இல்ல சார், ஒங்க கையெழுத்துல 'வரைந்தவர் சிவசங்கரன்'னு அதுல ஒட்டியிருக்கு."

சிவசங்கரன் ஓடிப் போய்க் கிழித்தான்.

கடைசியாக மெஸ்ஸுக்குப் போனான். சமையல்காரர் செய்கு முகம்மது கீழக்கரைக்காரர். இருபது வருடம் கப்பலில் சமைத்தவர். எந்த நாட்டுக்காரனிடமும் அவன் பாஷையில் பேசி உப்புப் போதுமா என்று கேட்டுவிடுவார்.

"பாய், கால்டர் சாருக்கு ஆட்டுக்கால் சூப்பு வெக்கணும். எலும்பு நல்லா வேகணும். மூட்டுல இருக்கிற சாரம் சூப்புல இறங்கினா, மனுஷன் மூட்டுக்குப் போய்ச் சேரும்."

"அது எப்படித் தம்பி வழி தெரிஞ்சு போவும்?"

"போகும் பாய். மிளகு தூக்கலாப் போடுங்க."

"அவருக்கு எதுக்குத் தம்பி இம்புட்டுக் கவலைப்படுதீங்க? கூடப் பொறந்தவன் மாதிரி!"

"அதைவிட மேலே பாய்," என்றான் சிவசங்கரன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை. அபுதாபிக்காரர்கள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கடைசியாக இறங்கியவனுக்காகப் பஸ்ஸே ஒரு பக்கம் உயர்ந்தது. ஆறரை அடி. அவனைச் செல்லமாக 'டைனி', அதாவது குட்டி, என்று கூப்பிட்டார்கள். குவாட்டர்பேக்கைச் சாய்ப்பது குட்டியின் வேலை.

"போன வருஷம் இவனால ஒருத்தனுக்குத் தோள்பட்டை எலும்பு உடைஞ்சுதாம் சார்," என்றான் கார்மேகம். அவனும் அணியில் இருந்தான். ஆள் போதவில்லை என்று அவன் உடம்பைப் பார்த்து, நடுவில் குனிந்து பந்து கொடுக்கிற வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

"கால்டர் சார் எங்கே?"

"அதைச் சொல்லத்தான் வந்தேன் சார். கக்கூஸுல. பதினோரு மணியிலேருந்து."

சிவசங்கரனுக்கு மிளகு ஞாபகம் வந்தது.

கதவைத் தட்டினான். "சார்! மூணு மணிக்கு மேட்ச்!"

"நீ பார்த்துக்க, சிவ்," என்று உள்ளிருந்து பலவீனமான குரல் வந்தது. "உனக்கு முப்பத்திரண்டும் தெரியும்."

தலைக்கவசம் ஒரு சுற்று பெரிது. அதற்குள் அவன் மூச்சே அவனுக்கு இடி மாதிரிக் கேட்டது. தோள் கவசம் காதை இடித்தது. கார்மேகத்தின் பின்னால் போய் நின்றான். எதிரே குட்டி, கையை மண்ணில் ஊன்றி, அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், பந்து தரட்டுமா?" என்றான் குனிந்திருந்த கார்மேகம்.

"கொஞ்சம் இரு."

"எல்லாரும் காத்திருக்காங்க சார்."

"இருக்கட்டும்."

"குட்டி உறுமுறான் சார்."

"சரி, கொடு! கொடுத்துத் தொலை!"

பந்து வந்தது. அது கையில் இருக்கிறவரைதான் ஆபத்து என்பது திட்டங்களை வரைந்தவனுக்குத் தெரியாதா? பக்கத்தில் ஓடிய டெக்சாஸ் வெல்டரின் வயிற்றில் பந்தைத் திணித்துவிட்டு, நெருப்பைத் தொட்டவன்போல் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டான். வெல்டர் ஏழு கஜம் ஓடினான். குட்டி வந்து பார்த்தான். பந்து இல்லாத, கை தூக்கிய ஒருவன். விட்டுவிட்டான்.

மறுபடியும் அப்படியே. மறுபடியும். முப்பத்திரண்டு திட்டங்களில் ஒன்றைத்தான் சிவசங்கரன் ஆடினான். யாரும் அவ்வளவு வேகமாகப் பந்தைக் கை மாற்றிப் பார்த்ததில்லை என்று அமெரிக்கர்கள் வியந்தார்கள். கடைசிக் கட்டத்தில் ஜெபல் அலி ஏழு, அபுதாபி ஆறு. மிச்சம் நூறு வினாடி. பந்து ஜெபல் அலியிடம்.

அந்த நேரம் பார்த்து வெல்டருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவனைத் தூக்கிப் போனார்கள்.

இப்போது பந்தைக் கொடுக்க ஆளில்லை.

"சார், தரட்டுமா?"

"பிரபா," என்றான் சிவசங்கரன்.

பந்து வந்தது. குட்டி இரண்டு பேரை விலக்கிக்கொண்டு வந்தான். பூமி அதிர்ந்தது. சிவசங்கரனின் முழங்கால்கள் அவனைக் கேட்காமலே மடிந்தன. பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, மண்டியிட்டுவிட்டான்.

விசில்.

அவர்கள் ஆடிய விதிப்படி, பந்து வைத்திருப்பவன் முழங்கால் தரையைத் தொட்டால் அந்த வாய்ப்பு அதோடு முடிந்தது; அதன் பிறகு யாரும் அவனைத் தொடக்கூடாது. ஆனால் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த வாய்ப்பைத் தொடங்க முப்பது வினாடிவரை எடுத்துக்கொள்ளலாம். குட்டி மூக்குக்கு நேரே நின்று மூச்சு வாங்கினான்.

இரண்டாவது தடவையும் முழங்கால் மடிந்தது. மூன்றாவது தடவை பந்து வருவதற்கு முன்பே மடிந்துவிட்டது. கார்மேகம்தான் திரும்பிப் பார்த்துக் கையில் வைத்தான். கடிகாரம் தீர்ந்தது.

"மூளை! மூளை!" என்று கத்திக்கொண்டு அமெரிக்கர்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். கீழே இறக்கும்படி அவன் கெஞ்சியது யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கால்டர் ஓடி வந்தார். நொண்டாமல் ஓடி வந்தார். சிவசங்கரனைக் கட்டிக்கொண்டு, தன் கிளிப் பலகையில் செருகிக் கொண்டுவந்த விசாக் கடிதத்தில் அதே வலது கையால் பளிச்சென்று கையெழுத்துப் போட்டார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார்: "இனிமே சிவ்தான் முதல் ஆள். அடுத்த மாசம் பஹ்ரைன் அணி வருது. நான் வயசானவன், இவனுக்கு மாற்றா நிக்கறேன்."

சொல்லிவிட்டுப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டார். புகைப்படத்திலும் அதே மாதிரிதான் நின்றிருந்தார் என்பது அப்போதுதான் சிவசங்கரனுக்கு உறைத்தது.

தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் மெஸ்ஸுக்கு ஓடினான்.

"பாய்! அந்த சூப்புல எவ்வளவு மிளகு போட்டீங்க? அவரு வயிறு என்னாலதானே இப்படி ஆச்சு?"

செய்கு முகம்மது கரண்டியைக் கீழே வைத்தார்.

"சூப்பை அவரு தொடவேயில்லை தம்பி; காலையில வந்து வெளக்கெண்ணெய் கேட்டு வாங்கி ரெண்டு கரண்டி நின்ன வாக்குல குடிச்சுப்புட்டு, 'ஒம்பது வருஷம் ஒரு நாள்கூட உள்ள எறங்காமத் தப்பிச்சவன் பாய் நான், இப்பப் போயி எறங்கச் சொல்றானுவளே'ன்டு என் தோள்ல சாஞ்சுல்ல அழுதாரு!"