இடது பக்கம் செத்துப்போன நான்கு இயர்போன்கள்

வட்டம் 19,
நெய்வேலி,
12.6.2016

மரியாதைக்குரிய மாப்பிள்ளை செங்குட்டுவன் அவர்களுக்கு, மாமனார் தனகோட்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் கனகமும் நலம், என் வலது முழங்காலும் இடது முழங்கையும் நீங்கலாக. பெங்களூரில் நீங்களும் என் மகள் சண்முகப்பிரியாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, பலாப்பழம் மலிவு. வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு உங்கள் ஆபீஸ் முகவரிக்குத் தபால் போடுகிறான் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் முதலில் பிரியா படிப்பாள், படித்த கையோடு அவள் அம்மாவுக்குப் போன் போடுவாள், அன்றைக்கு எனக்கு வரும் தோசை கருகி வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பிரியா போனில், "அப்பா, இனிமே நீ ஓடவே கூடாது. ஓடுன, தீபாவளிக்கு நான் அந்த வூட்டு வாசப்படி ஏற மாட்டேன்" என்று சத்தம் போட்டாள். பிறகு நீங்கள் போனை வாங்கி, "மாமா, இயர்போன் மாட்டிக்கிட்டு ரோட்டுல ஓடுறது ஆபத்துங்க. வீட்டுக்குள்ளயே நடங்களேன்" என்று பக்குவமாகச் சொன்னீர்கள். மாப்பிள்ளை சொல்லை மாமனார் தட்டக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்துக்கு ஒரு கும்பிடு. நான் ஓடுவதை நிறுத்தமாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை முந்நூறு. டாக்டர் நடக்கச் சொன்னார். இந்த டவுன்ஷிப்பில் நடந்தால், எதிரே வருகிறவன் எல்லாம் கூடவே திரும்பி நடந்து வந்து அரியர்ஸ் எப்போது வரும், தன் பையனுக்கு வேலை பெர்மனென்ட் ஆகுமா என்று கேட்டு உயிரை வாங்குகிறான். ஓடினால் ஒருவனும் கூட வருவதில்லை. அதனால் ஓட ஆரம்பித்தேன். முதல் நாள் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த விளக்குக் கம்பம் வரை ஓடி, அந்தக் கம்பத்தையே கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்கு எட்டு கிலோமீட்டர். சர்க்கரை நூற்று முப்பது. இருபத்தொன்பது வருஷமாக மைன்ஸில் நிலக்கரி பெல்ட் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் நான், நானே ஓடியது இந்த இரண்டு வருஷம்தான். காலையில் வியர்த்து வீட்டுக்கு வரும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதை விட்டுவிட்டு ஹாலில் சோபாவைச் சுற்றி நடக்கச் சொல்கிறீர்கள்.

ஆனால் மூன்றாவது கிலோமீட்டரில் கால் வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சும். அப்போது காதில் நாதஸ்வரமும் தவிலும் இருந்தால்தான் அது நகரும். தவில் அடி அடிவயிற்றில் வந்து விழ வேண்டும், டப்பாவில் கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி கேட்கக்கூடாது. இது தெரிந்துதான் நீங்கள் போன தீபாவளிக்குக் காதுக்குள் சொருகுகிற இயர்போன் அனுப்பினீர்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதுதான். ஆனால் மாட்டுக்கு ஒரு பக்கத்துப் பல் மொத்தமும் விழுந்துவிட்டால் சொல்லாமல் எப்படி இருப்பது? முதல் இயர்போனின் இடது பக்கம் மூன்றே மாதத்தில் சன்னமாகி, பிறகு அடங்கிவிட்டது. வியர்வை இறங்கியிருக்கும் என்றீர்கள். பொங்கல் கழித்து, வியர்வை தாங்கும், காதுக்குப் பின்னால் வளைந்து பிடித்துக்கொள்ளும் என்று விலை கூடியதாக ஒன்று அனுப்பினீர்கள். நானும் சும்மா இல்லை. ஒயர் வழியாக வியர்வை காதுக்கு ஓடாமல் காதுமடலின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினேன். தலை ஆடும்போது இழுக்காமல் ஒயரைப் பனியனில் கிளிப் போட்டேன். காதுக்குள் போகும் முனையின் வலையில் ஏறுகிற உப்பையும் நிலக்கரித் தூசியையும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டினேன். ரப்பர் மூடியில் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றையும் போட்டுப் பார்த்தேன். இவ்வளவு பண்டுவம் பார்த்தும் அதன் இடது பக்கம் இரண்டே வாரத்தில் போய்ச் சேர்ந்தது.

இனி மாப்பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே பண்ருட்டிக்கு பஸ் ஏறி, ராஜேந்திரன் என்பவர் கடையில் மூன்றாவதை வாங்கினேன். அங்கேயே மாட்டிப் பார்த்தால், பிறக்கும்போதே இடது பக்கம் ஊமை. அவர் வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தானே சார் பாடுது. ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குதுங்களே" என்கிறார். வியாபாரி காது அப்படித்தான், விற்கிறவரைக்கும் எல்லாம் பாடும். "வேணும்னா இடது பக்கத்த வலது காதுல மாத்திப் போட்டுப் பாருங்களேன்" என்று அவர் சொன்னதும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மைன்ஸில் ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். ஒருவன் அப்படிக் கொடுத்து ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை நின்றதை நான் கண்ணால் பார்த்தவன். L என்று போட்டிருந்தால் இடது காது, R என்று போட்டிருந்தால் வலது காது. கடைத்தெருவே கூடுகிற அளவுக்கு நான் போட்ட சத்தத்தில் அதைத் திரும்ப வாங்காமலே வேறொன்றும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தேன். நான்காவதும் அதே கதை, ஒரு பக்கம் தோல் கிழிந்த தவில்.

இப்போது லாரி. உங்கள் மாமியார் உங்களுக்குச் சொன்னது ஒரு பாதி, அதுவும் தப்பான பாதி. அன்று காலை ஆறு மணி. நான்காவது இயர்போனின் வலது பக்கத்தை மட்டும் மாட்டியிருந்தேன். செத்த இடது பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டிருந்தேன். ஆர்ச் கேட் தாண்டி இடது பக்கத்துக் கிளைச்சாலையிலிருந்து பலாப்பழம் ஏற்றிய மினி லாரி ஒன்று என் பக்கத்தில் வந்து பிரேக் அடித்தது. நான் தாவி விழுந்தேன், என்மேல் இரண்டு பழம் விழுந்தது. டிரைவர் சின்னதுரை இறங்கி ஓடிவந்து, "மூணு வாட்டி ஹாரன் அடிச்சேங்க! திரும்பிக்கூடப் பாக்காம போய்க்கினே இருக்கிறீங்களே!" என்கிறார். மாப்பிள்ளை, நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். லாரி வந்தது இடது பக்கம். என் இடது காதில் ஒன்றுமே இல்லை, வெறும் காது, திறந்த காது. ஹாரன் அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்காதா? பக்கத்து டீக்கடையில் இருந்த ஏழு பேரும் அடித்தார் என்றார்கள். ஏழு பேரும் டிரைவரோடு டீ குடிக்கிறவர்கள். அடிக்காத ஹாரனுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நடுரோட்டில் சத்தியம் செய்துவிட்டு, நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று கனகம் என் ஓட்ட ஷூவை எடுத்து எங்கேயோ ஒளித்துவிட்டாள். கேட்டால், "நீங்க புடிச்ச மொயலுக்கு மூணு காலு. அந்தக் காலு நாலாகட்டும், ஷூ தானா வரும்" என்கிறாள். மறுநாளே நான் மைன்ஸுக்குப் போட்டுப் போகும் சேஃப்டி பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன். ஒவ்வொரு காலிலும் ஒரு அம்மிக்கல். மூன்று கிலோமீட்டர் ஓடினேன், இரண்டு தெரு நாய்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டன. ஆகவே இறுதியாகச் சொல்வது: என் காதும் நன்றாக இருக்கிறது, காலும் நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது இந்த நாட்டில் இயர்போன் செய்கிறவர்களின் யோக்கியதை. இரண்டு பக்கமும் பாடுகிற, வியர்வைக்கு அஞ்சாத, ஒரு வருஷமாவது உயிரோடு இருக்கிற ஒன்றைத் தேடி அனுப்புங்கள். பிரியாவிடம் நான் சோபாவைச் சுற்றுவதாகச் சொல்லிவையுங்கள்.

நீங்கள் இருவரும் வீடு நிறையப் பிள்ளைகளும் மனசு நிறையச் சிரிப்புமாக நீடூழி வாழ மாமன் மாமியின் ஆசிகள். உங்கள் அப்பா அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
ஓட்டம் நிற்காத மாமனார்,
தனகோட்டி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஓடுவதை நிறுத்தமாட்டேன் என்ற ஒரு வரியைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உறையை ஒட்டப் போகும்போது கனகம் பிடுங்கி முழுவதும் படித்தாள். படித்துவிட்டு நான்கு இயர்போன்களையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றாகத் தன் போனில் சொருகிக் காதில் வைத்தாள். "நாலும் பாடுதுங்க, ரெண்டு பக்கமும்" என்றாள். வியாபாரி காது என்று சொல்லலாம், இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவள் காதை என்ன சொல்வது? வேறு வழியில்லாமல் வாழ்க்கையில் முதல் தடவையாக L-ஐ வலது காதில் மாட்டினேன். தவில் இடியாக விழுந்தது. R-ஐ இடது காதில் மாட்டினேன். ஒன்றுமில்லை. மைன்ஸில் காதைப் பிளக்கிற பெல்ட் மோட்டார் எனக்கு இடது பக்கம்தான். காதை மூடிக்கொள்ளக் கம்பெனி கொடுத்த மூடியை நான்தான் அலங்காரமாக ஹெல்மெட்டில் தொங்கவிட்டிருந்தேன். சின்னதுரையும் ராஜேந்திரனும் நல்ல மனுஷர்கள். இரண்டு பேரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறேன், திங்கள்கிழமை காது டாக்டரையும் பார்க்கிறேன். இயர்போன் அனுப்ப வேண்டாம்.

கனகம், "டி.வி. பாக்கும்போது எந்நேரமும் அந்தப் பக்கம்தானே ஒக்காந்துகினு உங்ககிட்ட பேசிக்கினு இருக்கேன். நீங்க பதில் சொல்றதில்லன்னு மூணு வருஷமா நான் மனசுல வெச்சிக்கினு இருக்கேனே" என்று அழுதாள். என்ன பேசினாய் என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைத் தூக்கி எனக்கு வலது பக்கம் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். இதை எழுதும்போது 2013 ஆடி மாதம் வரைக்கும் வந்திருக்கிறோம்.