யானை விரட்டிய டாங்கி

என் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே கடவுள் தனியாக உட்கார்ந்து ஒரு ஆளைச் செய்திருக்கிறார். அவனைக் கொள்ளேகால் பக்கம் ஹனூரில் பிறக்க வைத்து, மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வேலையும் வாங்கிக் கொடுத்து, சரியாக நான் வாடகைக்கு எடுத்திருந்த மாடி வீட்டின் இரண்டாவது அறைக்கு அனுப்பி வைத்தார். பெயர் பீரங்கி. தொழிற்சாலையில் வைத்த பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

தொழிற்சாலையில் அவனுக்கு அளவு பார்க்கிற வேலை. முடியளவு பிசகினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவான். வீட்டுக்கு வந்தால் டாங்கி செய்வான். பொம்மை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்குச் சாப்பாட்டில் பேச்சு இருக்காது.

"மாடலுங்ணா. பொம்மைங்கறது கொழந்தைக வெச்சு வெளையாடறது."

அதிலும் இருக்கிற டாங்கியை இருக்கிறபடி செய்தால் பரவாயில்லையே! 'இப்படி நடந்திருந்தால்?' என்று ஒரு வகை இருக்கிறதாம். சரித்திரத்தில் நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துக்கொண்டு, அதற்குத் தகுந்த மாதிரி வண்டியை மாற்றிக் கட்ட வேண்டும். இவனுடைய கதை இது: இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியின் கனரக டாங்கி ஒன்றை மைசூர் சமஸ்தானம் பழைய இரும்பு விலைக்கு வாங்குகிறது. டாங்கியின் பீரங்கியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு ராட்சத விளக்கும் ஆலைச் சங்கும் பொருத்துகிறது. எதற்கு? ஹனூர் ராகிக் காட்டில் யானை விரட்ட.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்ணா. கதிர் புடிச்சதுலருந்து அறுக்கற வரைக்கும் எங்கப்பா ஒரு ராத்திரி வூட்ல படுத்ததில்லீங்க. பரண் மேல குந்திக்கிட்டு டின்னைத் தட்டிக்கிட்டே கெடப்பாரு."

அந்த அப்பாவோ, மகன் செய்வதையெல்லாம் போனிலேயே தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டார்: "பொம்மை வெச்சு வெளையாடற வயசாடா இது?" மைசூரில் வருஷத்துக்கு ஒருமுறை மாடல்காரர்கள் ஒரு மண்டபம் பிடித்துக் கண்காட்சி நடத்துவார்கள். அங்கே நடுவில் தன் டாங்கியை வைத்து அப்பாவுக்குக் காட்ட வேண்டும். பீரங்கிக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை இது ஒன்றுதான். கல்யாண ஆசைகூட அதற்குப் பிறகுதான்.

முதல் வருஷம் கண்காட்சியில் வைத்தபோது அப்பா வரவில்லை. நடுவர் மட்டும் வந்து, "இத்தனை எடையைத் தாங்கற பாலம் அந்தக் காலத்துல காவிரி மேல எங்கேப்பா இருந்தது? வண்டி ஹனூருக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அவர் நகர்ந்துவிட்டார். மாட்டிக்கொண்டது நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி சாப்பிடப் போகலாம் என்று கூட்டிக்கொண்டு போய், கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றி, ஆற்றங்கரையில் ஒரு பழைய கல் பாலத்தருகே என்னை இறக்கிவிட்டான். டேப்பின் ஒரு முனை என் கையில். மறுமுனையோடு அவன் தூணுக்குத் தூண் ஓடுகிறான். கொஞ்ச நேரத்தில் ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். சர்க்கார் ஆட்கள் புதுப் பாலம் கட்ட அளக்கிறார்கள் என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் தன் தெருவுக்குச் சாக்கடையும் கேட்டார். நான் தலையாட்டிச் சமாளித்துக்கொண்டிருக்கும்போது இந்தப் படுபாவி குடித்த இளநீரைக் கீழே வைத்துவிட்டு உண்மையைச் சொன்னான்.

"பாலம் கட்டலீங்க. இதுல ஒரு டாங்கி போகுமான்னு பாக்கறோம்."

"எப்போ வருது?"

"வந்திருந்தா எப்படிப் போயிருக்கும்னுங்க."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இளநீருக்குக் காசு வாங்காமலேயே கூட்டம் கலைந்தது. அந்தப் பார்வையை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

பாலம் தாங்காது என்று கணக்கில் தெரிந்தது. சாதாரண மனிதன் அத்தோடு விட்டிருப்பான். இவன் டாங்கியின் கவசத்தைப் பாதியாகச் செதுக்கி எடையைக் குறைத்தான். சக்கரப் பட்டையை அகலமாக்கினான். பிறகு அந்தப் பாலத்தையே ஆற்றோடும் கரையோடும் அக்கரை ராகிக் காட்டோடும் ஒரு பெரிய பலகையில் தன் அறைக்குள் கட்ட ஆரம்பித்தான். பட்டையை வளைக்க என் இட்லிப் பானைதான் கிடைத்தது. சேறு தெளிக்க என் பல் துலக்கும் பிரஷ். சேற்றின் நிறம் சரியாக வர நான் வாங்கி வைத்திருந்த ராகி மாவு. எறும்பு வரிசை கட்டி வந்தபோதுதான் எனக்கு மாவு போன இடமே தெரிந்தது.

"டேய், அது என் சாப்பாடுடா!"

"ஹனூர் மண்ணு வேற எதுலயும் வரமாட்டேங்குதுங்ணா."

அன்றைக்கு நான் ஓட்டலில் சாப்பிட்டேன்.

கடைசியில் அப்பா வருவதாக ஒப்புக்கொண்டார். அறுவடை முடிந்திருந்தது. ஹனூரிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, இங்கிருந்து மண்டபத்துக்கு எல்லோரும் போவதாக ஏற்பாடு. காலையிலேயே பீரங்கி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். கீழே குட்டி யானை வண்டி வந்து நின்றது. ஆளுக்கொரு பக்கம் பலகையைத் தூக்கி அறை வாசலுக்குக் கொண்டு போனோம்.

வாசலில் இடித்தது.

திருப்பினோம். இடித்தது. பீரங்கி டேப்பை எடுத்து முதலில் பலகையை அளந்தான், பிறகு கதவை அளந்தான். மறுபடியும் பலகையை அளந்தான். இரண்டு பலகையாக வாங்கி, அறைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறான். காவிரிப் பாலத்தில் அந்த டாங்கி போகுமா என்று தூண் தூணாக அளந்த மகாராசன், தன் அறை வாசலில் போகுமா என்று ஒரு தடவை பார்க்கவில்லை!

"சாய்ச்சு எடுத்தா வந்துரும்டா."

"சாச்சா ஆறு வெடிச்சிருமுங்ணா. அடியில பூரா பிளாஸ்டர். டாங்கியும் அதுலயே ஒட்டியிருக்கு."

"ரெண்டா அறுத்துட்டா?"

என் கழுத்தை அறுக்கச் சொன்னதுபோல் பார்த்தான். சத்தம் கேட்டு வீட்டுக்கார மாமி மேலே வந்துவிட்டார். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம், மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"என்னடாப்பா இது, தசரா முடிஞ்சும் கொலு எடுக்கலையா?"

"மாமி, கதவு நிலையை மட்டும் கழட்டிக்கறோம், சாயங்காலம் திருப்பி வெச்சுடறோம்" என்றேன். ஆமாம், நானேதான் கேட்டேன். அவன்மேல் எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை, ஆனாலும் அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"பேடாப்பா பேடா, வேண்டவே வேண்டாம்! எங்காத்துக்காரர் நின்னு பார்த்துப் பண்ணின தேக்கு நிலை. கை வெச்சே, ரெண்டு பேரும் காலி பண்ணிண்டு கெளம்புங்கோ!"

இந்த ரகளைக்கு நடுவில் படியேறி வந்து நின்றார் அப்பா. கையில் ஒரு மஞ்சள் பை. விஷயத்தை நான்தான் சொன்னேன். பீரங்கி சுவரைப் பார்த்து நின்றான். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தரையில் வைத்திருந்த பலகைக்கு முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். பாலத்தைப் பார்த்தார். விளக்கு வைத்த டாங்கியைப் பார்த்தார். காட்டோரம் திரும்பிப் போகிற யானைகளைப் பார்த்தார். எதையோ தேடினார்.

"பரண் எங்கடா?"

"இல்லீங்ப்பா. டாங்கி வந்திருச்சல்லோ, பரண் எதுக்குங்க?"

அப்பாவின் விரல் காட்டைத் தாண்டி, ஓரத்தில் இருந்த ஓட்டு வீட்டில் போய் நின்றது. வாசலில் விரல் நுனி அளவுக்கு ஒரு கயிற்றுக் கட்டில். அதில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு ஆள். இத்தனை மாதம் அதே வீட்டில் இருந்த நான் அதைக் கவனித்ததே இல்லை.

"இது யாரு, நானா?"

"ஆமாங்ப்பா."

அவர் குனிந்து அந்தக் கட்டிலை உற்றுப் பார்த்தார்.

"நல்லாத்தான்டா தூங்கறேன்" என்றார்.

மாமி கதவு நிலையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "ஸ்வல்ப ஜாக்கிரதையா எடுக்கறதுன்னா, நிலையை வேணா எடுத்துக்கோங்கோ."

"வேண்டாமுங்கம்மா. யாருக்குக் காட்டோணும்? நாந்தான் பாத்துட்டனே" என்றார் அப்பா. குட்டி யானை வெறுமனே திரும்பிப் போனது. பீரங்கி அந்த வெள்ளைச் சட்டையிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவன் கல்யாணமாகி ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். டாங்கி போகவில்லை, எப்படிப் போகும்? அந்த அறையில் வேறு யாரையும் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு அறைக்கும் நான் ஒருவனே வாடகை கொடுக்கிறேன். வாரம் தவறாமல் போன் வருகிறது, "ஆத்துல தூசி சேந்திருக்குமேங்ணா" என்று. திட்டிக்கொண்டே துடைக்கிறேன். மாமியும் வருஷா வருஷம் வாடகையை ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறார். இன்னுமா அந்த வீட்டில் இருக்கிறாய் என்று ஆபீஸில் கேட்கிறார்கள். வாடகை குறைவு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.