வாபஸ் எம்.பி.

கேட்டதைக் கொடுக்காமல், கேட்ட ஆளின் குறையையே சட்டமாக எழுதி டெல்லிக்கு எடுத்துப்போன எம்.பி. இந்தியாவிலேயே ஒருவர்தான். அவர் கிழக்குத் தாம்பரத்தில், எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார்.

எண்பதுகளின் கடைசி. எம்.பி. கூப்பன் கொடுத்தால் கேஸ் இணைப்பு உடனே கிடைக்கும். மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்த என் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் நானும் போய் நின்றேன்.

"உங்களுக்குக் குடுத்துடறேன் சார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன பண்ணுவார்?" என்றார்.

"அவர் தனியா வந்து கேப்பார் சார்."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே 'அனைவருக்கும் எரிவாயு மசோதா' தயார். டைப் அடித்தவன் நான். கேஸ் வரவில்லை. விரல் வலி வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு விடுதலையே இல்லை. வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்துகிறார் என்று ஒரு குடித்தனக்காரர் அழுதால், வாடகைக் குடியிருப்போர் குடிநீர் மசோதா. மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறுகிறார்கள் என்றால் அதற்கொன்று. கொசுவைப் பற்றி அவரிடம் வாயே திறக்கக் கூடாது என்று தெருவில் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது.

மந்திரி அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்கள் வெள்ளிக்கிழமை மாலைதான் சபைக்கு வரும். அந்நேரம் பாதி உறுப்பினர்கள் ஊருக்குப் பெட்டி கட்டியிருப்பார்கள். இவர் ஒவ்வொன்றாகப் பேசுவார். மந்திரி எழுந்து, "அரசு பரிசீலிக்கும், உறுப்பினர் வாபஸ் பெற வேண்டும்" என்பார். இவரும் நன்றி சொல்லி வாபஸ் வாங்கிவிடுவார். அதுதான் அங்கே மரியாதையாம். தெரு அவருக்குப் பெயர் வைத்துவிட்டது.

ஊரில் இருக்கும் நாட்களில் ஒத்திகை எங்கள் கூடத்தில் நடக்கும். என் மனைவி சபாநாயகர். நான் மந்திரி. எனக்கு ஒரே வசனம்தான் என்றாலும் பிரமாதமாகச் சொல்வேன்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்த கன்னியம்மா ஒருநாள் ஒத்திகையைப் பார்த்துவிட்டு அவரருகே வந்தாள். அவள் புருஷன் ராஜு திரிசூலம் பக்கம் குவாரியில் கல் உடைத்தவன். கல்தூசியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தான்.

"குட்ச்சி குட்ச்சி செத்துட்டான்னு மேஸ்திரி சொல்லிகினு கீறான் சார். அந்த மன்சன் டீயத் தவிர ஒண்ணும் தொட்டதில்ல. எம் புள்ளைங்கள குடிகாரன் புள்ளைன்றாங்க."

"நெஞ்சை யாராவது டாக்டர் பாத்தாரா?"

"கூலிக்காரனுக்கு இன்னா டாக்டரு?"

அன்றிரவே அவர் குவாரிக் கூலி ஆட்களைத் தொழிலாளர்களாகப் பதிவு செய்து, நெஞ்சுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஒரு மசோதா எழுதினார். ஒத்திகையில் நான் வழக்கம்போல் கம்பீரமாக, "உறுப்பினர் வாபஸ் பெற வேண்டும்" என்றேன்.

"மாட்டேன்," என்றார்.

என் மனைவிக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும்தான்.

"வேணாம் சார். ஓட்டுக்கு விட்டா தோத்துடும். கட்சியிலயும் கோவிச்சுப்பாங்க," என்றேன்.

"வாபஸ் வாங்கினா அந்தம்மாகிட்ட என்ன சொல்றது?"

டெல்லியிலும் அப்படியே செய்தார். தோற்றது. மேலிடம் கோபித்துக்கொண்டது. அடுத்த தேர்தலில் சீட் இல்லை என்று பேப்பரிலேயே ஜாடையாகப் போட்டார்கள்.

ஊர் திரும்பியதும் பெட்டியோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். கன்னியம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"தோத்துப்போச்சும்மா," என்றார் தலை நிமிராமல்.

"அத வுடு சார். அவரு குடிக்கலன்னு சொன்னியா?"

"சொன்னேன். ராஜுன்னு பேர் சொல்லி, தமிழ்லயே சொன்னேன். கேட்டவங்க கொஞ்சம் பேர்தாம்மா. ஆனா அங்க பேசினதெல்லாம் அச்சுப் போட்டு வெச்சுடுவாங்க. யாராலும் அழிக்க முடியாது."

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு வாசலுக்குப் போய், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டாள்.

"அத இதுங்க கைல ஒருவாட்டி சொல்லு சார்," என்றாள்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். சபையில் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் ஓட்டுப் போட்டு ஜெயித்தவர்கள் எத்தனையோ பேர். தோற்றுவிட்டு வந்த இந்த மனிதர்மேல்தான் எனக்கு இன்றும் அத்தனை பிரியம்.