வெள்ளவத்தை இறக்கத்தில் நான் எடுத்த மூன்று படங்கள்

பாதுகாப்பைப் பற்றி ஓயாமல் கதைக்கிற ஆளின் வாகனத்தில் தயவுசெய்து ஏறாதீர்கள். அனுபவத்தில்தான் சொல்கிறேன். அந்த ஆள் நான்தான்.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் பார்சல் வான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கம்பனியின் களஞ்சியம் கிராண்ட்பாஸில் இருந்தது. காலையில் அங்கே போய் வானை நிரப்பிக்கொண்டு வந்து, மாலை வரை வீடு வீடாக மணியடித்து, பார்சலைக் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டும். ஒப்பந்த வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நீடிப்புக் கடிதம் வரும். கடிதம் வரும் வரை அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாது. அந்த வருடம் எங்கள் களஞ்சியத்துக்கு ஒரேயொரு நிரந்தர இடம் கிடைத்தது. அந்த இடத்தில்தான் என் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கட்ட ஆசைப்பட்ட டிலானியின் அப்பா சேவியர் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பாரத்தைத் தலைக்கு மேலே தூக்கி, ஒருவர் தலையிலும் போடாமல் இறக்கி வைத்த மனிதர். பெண் கேட்டுப் போனபோது அவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான்.

"என்ன வேலை, தம்பி?"

"டிலிவரி, அங்கிள்."

"பேர்மனண்டோ?"

"இன்னும் இல்ல, அங்கிள்."

"அப்ப ஓலை வாசிக்கிறதும் இன்னும் இல்ல."

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைச் சபையில் வாசிப்பார்கள். அதுதான் ஓலை. யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம். சேவியர் அங்கிளுக்கு ஏற்கெனவே ஒரு தடை தெரிந்திருந்தது. அது நான் பார்க்கிற வேலை.

நிரந்தர இடத்துக்குப் போட்டி இரண்டே பேர். ஒன்று நான். மற்றவன் வெள்ளவத்தைப் பகுதிக்கு ஓடுகிற குகன். யாழ்ப்பாணத்துப் பெடியன். மடிப்புக் கலையாத சேட்டு, நெற்றியில் திருநீறு, வானுக்குள் ஒரு தூசி கிடையாது. கம்பனி கொடுத்த பாதுகாப்புக் கையேட்டை முழுதாக வாசித்த ஒரே சாரதி அவன்தான். (என்னுடைய பிரதியில் நான் பராட்டா வைத்துச் சாப்பிட்டிருந்தேன்.) அவனை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது, அதுதான் காரணம். அவனிடம் ஒரு பிழையும் இல்லை.

வேலை யாருக்கு என்பதைப் பாதுகாப்புப் புள்ளி தீர்மானிக்கும் என்று கம்பனியின் பாதுகாப்பு அதிகாரியான சேப்டி மிஸ் அறிவித்தார். சிங்களப் பெண்மணி, தமிழ் நன்றாகவே கதைப்பார், சிரிக்க மட்டும் மாட்டார். ஆளுக்கு நூறு புள்ளி. இன்னொரு சாரதியின் பிழையைக் கண்டால் படமெடுத்து எல்லாரும் இருக்கிற கைபேசிக் குரூப்பில் போட வேண்டும். பிழை செய்தவருக்குப் புள்ளி வெட்டு.

அன்றிலிருந்து நாங்கள் பார்சல் கொடுத்தது மிச்ச நேரத்தில்தான். குகன் ஒரு கையால் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே வானைத் திருப்பியதை நான் படமெடுத்தேன். நான் ரப்பர் செருப்போடு ஓட்டியதை அவன் எடுத்தான். அவன் ஆசனப் பட்டி போடாமல் பத்தடி நகர்ந்ததை நான் எடுத்தேன். நான் பார்சலை இடுப்பை வளைத்துத் தூக்கியதை அவன் எடுத்தான். முழங்காலை மடித்துத்தான் தூக்க வேண்டுமாம். எங்கள் அம்மாவே என்னை அவ்வளவு படம் எடுத்ததில்லை.

எல்லாச் சட்டத்திலும் பெரிய சட்டம் கோன். செம்மஞ்சள் நிறத்தில் கூம்பாக வீதியில் வைப்பார்களே, அது. வானை நிறுத்தியதும் இறங்கிப் பின்னால் கோனை வைக்க வேண்டும். புறப்படும்போது வானைச் சுற்றி நடந்து போய் அதை எடுக்க வேண்டும். அப்படி நடக்கிறபோது பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று கண் தானாகப் பார்த்துவிடும். நல்ல யோசனைதான். ஆனால் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கோனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் அது அங்கே இருக்க வேண்டுமே! ஒருவர் தன் ஓட்டோவுக்கு இடம் பிடிக்க எடுத்துப் போய்விட்டார். இன்னொரு நாள் கோயில் திருநாளுக்கு ஆட்களை வரிசைப்படுத்த எடுத்து, மாதாவின் சுருவத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். மாதாவுக்கு முன்னால் வைத்ததை எப்படித் திருப்பிக் கேட்பது? ஒரு செபம் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் வெள்ளவத்தைக்குப் பார்சல் மலையாகக் குவிந்தது. சாரி, சாரி, மேலும் சாரி. குகனால் தனியாக ஏலாது என்று மிஸ் பாதியை என் வானில் ஏற்றிவிட்டார். அன்று காலை எனக்கு எண்பத்தேழு புள்ளி, குகனுக்கு எண்பத்தெட்டு. மறுநாள் தீர்ப்பு.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கைக்குள் வானைத் திருப்பினேன். அந்த ஒழுங்கைகள் எல்லாமே கடலைப் பார்த்துக் கொஞ்சம் சரிவுதான். இருபதடி முன்னால் குகனின் வான் கடலைப் பார்த்து நிற்கிறது. பின்னால் கோன் இல்லை.

மாதாவே! திரும்பவும் பார்த்தேன். இல்லை, இல்லவே இல்லை. கையேட்டை மனப்பாடம் செய்தவன், கோனை மறந்துவிட்டான்! அந்த நிமிடம் சேவியர் அங்கிள் என்னை "மருமகன்" என்று கூப்பிடுவது என் காதில் கேட்டது. வானை நிறுத்தினேன், பாய்ந்து இறங்கினேன், கைபேசியைத் தூக்கிப் பிடித்து ஒரு படம் எடுத்தேன். போதாது என்று இரண்டாவது. அதுவும் போதாது என்று மூன்றாவது.

நடுவில் எங்கோ குகனின் குரல் கேட்டது. "டேய் ஜூட்! டேய்! பின்னால! பின்னால பாரடா!"

கெஞ்சுகிறான் என்று நினைத்தேன். கெஞ்சட்டும். நான் தலை நிமிரவில்லை. மூன்று படங்களையும் குரூப்பில் போட்டு, "கோன் எங்கே? இதுவோ பாதுகாப்பு?" என்று எழுதிக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் வந்து முதுகில் மெதுவாக இடித்தார்கள். வெள்ளவத்தையில் இடிக்காமல் யார் போகிறார்கள்? எழுத்துப் பிழை வராமல் எழுதுவதில் கவனமாக இருந்த நான் திரும்பாமலே, "பொட்டக் இன்ன மல்லி" என்று சிங்களத்தில் சொன்னேன். கொஞ்சம் பொறு தம்பி என்று.

தம்பி பொறுத்துக்கொண்டான். நான் அனுப்பிவிட்டுத் திரும்பினேன்.

தம்பி என் வான்.

அதன் மூக்கு என் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. சாரதிக் கதவு ஆவென்று திறந்திருந்தது. உள்ளே பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாகக் குகன் கிடந்தான். அவன் இரண்டு கையும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்திருந்தன. என் வானின் முன் சில்லுக்கு அடியில் ஒரு செம்மஞ்சள் கோன் நசுங்கிக் கிடந்தது.

நடந்தது இதுதான். பார்சலைக் கொடுத்துவிட்ட குகன், சட்டப்படி தன் கோனை எடுத்துக்கொண்டு, சட்டப்படி வானைச் சுற்றி நடந்து, முன் பக்கத்துக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் நான் வந்தேன். அவன் நிமிர்ந்து பார்த்தபோது, ஹேண்ட் பிரேக் போடாத என் வான் ஆளில்லாமல் என்னை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நானோ அதற்கு முதுகைக் காட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கத்திப் பார்த்தான். பிறகு ஓடினான். கோனைச் சில்லுக்கு அடியில் எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்து பிரேக்கை இழுத்திருக்கிறான்.

கொஞ்சம் கீழே ஒரு டியூஷன் வகுப்பு விட்டு, நாலைந்து சின்னப் பிள்ளைகள் புத்தகப் பையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கதையின் மற்ற எல்லா இடத்திலும் நான் சிரிப்பேன். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் சிரிக்க ஏலாது.

குகன் இறங்கி வீதியோரத்தில் குந்திவிட்டான். மடிப்புக் கலையாத சேட்டில் முழங்கை கிழிந்து இரத்தம்.

"நீ நாசமாப் போவாய் ஜூட்," என்றான் மூச்சு வாங்க. "ஹேண்ட் பிரேக் எண்டு ஒண்டு இருக்கிறது உனக்குத் தெரியுமோ?"

"மறந்திட்டன் குகன்."

"சரி விடு. நான் ஒருத்தரிட்டயும் சொல்லன். உனக்கும் கலியாணம் கிடக்கு எண்டு கேள்விப்பட்டனான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்கும் அந்த வேலை தேவை. தாயும் ஒரு தங்கச்சியும் அவனை நம்பி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே இத்தனை மாதமும் அவனைத் துரத்தித் துரத்திப் படமெடுத்திருக்கிறேன். இவனோ என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்கிறான்.

"குகன், நான் படத்தை அனுப்பிட்டன்."

"என்ர வானைத்தானே? அனுப்பு. கோன் கையில இருந்தது எண்டு சொல்லுவன்." தன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவ்வளவு பரிதாபத்தோடு என்னை ஒருவரும் பார்த்ததில்லை. "ஜூட், பின் கண்ணாடியைப் பார்."

அவன்தான் வானைத் தினமும் துடைப்பானே! பின் கண்ணாடி பளபளவென்று இருந்தது. முதல் படத்தில் அந்தக் கண்ணாடிக்குள் நானும், எனக்குப் பின்னால் கதவு திறந்த வெள்ளை வானும் தெரிந்தோம். இரண்டாவதில் வான் பெரிதாகியிருந்தது. மூன்றாவதில் வான் கண்ணாடியை நிறைத்திருந்தது, ஓரத்தில் கோனைத் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

"அழி! கெதியா அழி!" என்று குகன் கத்தினான். நான் பதறிக்கொண்டு அழித்தேன். "எல்லாருக்கும் அழி" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. "எனக்கு மட்டும் அழி" என்று இன்னொன்று இருக்கிறது. நான் எதை அழுத்தினேன் என்று உங்களுக்கே விளங்கும். என் கைபேசியில் மட்டும் படம் மறைந்தது. இனி மற்றவர்களுடையதை ஒன்றும் செய்ய ஏலாது.

கிராண்ட்பாஸ் சாரதி ஒருவர் முதலில் எழுதினார்: "மூண்டாவதில வான் கிட்ட வந்திட்டுது. நாலாவது படம் எங்க?"

அடுத்தது மிஸ்: "ஜூட், ஒபிஸ் வாங்க. வானைத் தொட வேணாம். குகன்கிட்ட சாவி குடுங்க. நீங்க பஸ்ல வாங்க."

நசுங்கின கோனைக் களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று குகன் அதை என் கையில் தந்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு காலி வீதி முழுக்க பஸ்ஸில் போனேன். கண்டக்டர் என்னையும் பார்த்தார், கோனையும் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

மிஸ் படங்களை மேசைக் கணினியில் பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். பேனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பிரேக் இல்லை, கோன் இல்லை, ஆசனத்தில் ஆளில்லை, கதவு திறந்திருக்கிறது, காலில் ரப்பர் செருப்பு. (அதையும் பார்த்துவிட்டார்!)

"மத்தவங்கட பிழையைத்தான் அனுப்பச் சொன்னேன், ஜூட்," என்றார். "நீங்க உங்கடதை அனுப்பியிருக்கிறீங்க. நேர்மைக்குப் புள்ளி போட எனக்கு இடமில்ல."

அந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிந்தது. குகன் நிரந்தரமானான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு படம் வீடு வீடாகப் போவதற்கு டிலிவரி சாரதி தேவையில்லை. ஞாயிறு பூசை முடிந்து நான் போனபோது சேவியர் அங்கிள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிலானி கதவோரம் நின்று நகத்தைக் கடித்தாள்.

"இந்தப் பின்னால வாறது ஆரிட வான்?"

"என்ட, அங்கிள்."

"ஓட்டுறது ஆர்?"

"ஒருத்தரும் இல்ல, அங்கிள்."

"ம்." பிறகு விரலை மெதுவாக ஓரத்துக்கு நகர்த்தினார். "இந்த ஓடுற பெடியன் ஆர்?"

"குகன், அங்கிள்."

"வேதக்காரப் பெடியனோ?"

"இல்ல அங்கிள், சைவம்."

அவர் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஆகச் சோகமான ஓசை அதுதான். எனக்கு அவருடைய மகள் கிடைக்க ஒரே காரணம் குகனின் சமயம் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் தவம் கிடந்தேன். இன்னொரு இடத்தில் அடியிலிருந்து தொடங்கி, ஒருவழியாக நிரந்தரக் கடிதத்தை வாங்கிக் கொண்டுபோய் அங்கிளின் கையில் கொடுத்தேன். ஓலை வாசித்தார்கள். மூன்றாவது ஞாயிறு, "தடை தெரிந்தால் சொல்லுங்கள்" என்று பாதர் நிறுத்தியபோது அங்கிள் பெரிதாக ஒருமுறை செருமினார். நாலு வாங்கில் உட்கார்ந்திருந்த சனம் முழுக்கச் சிரித்தது.

டிலானி இப்போது ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்குக் குகன் வீட்டுக்குக் கேக் அனுப்புகிறாள். "புருசனை மிச்சம் வச்சுத் தந்த ஆளுக்கு இது கூடச் செய்யாட்டி எப்பிடி?" என்பாள். கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான். குகன் இப்போது குடியிருப்பதும் அதே ஒழுங்கைதான். அங்கே வானை நிறுத்தினால் பிரேக்கை ஒருமுறை இழுப்பேன், இறங்கிப்போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை இழுப்பேன். குகன் கேக்கை வாங்கிக்கொண்டு, என்னை வாசலில் நிறுத்தி ஒரு படமெடுத்து, அவனையும் சேர்த்திருக்கிற எங்கள் குடும்பக் குரூப்பில் போடுவான். எல்லாரும் நத்தார் வாழ்த்து எழுதுவார்கள். மாமனார் மட்டும் உடனே எழுத மாட்டார். அவர் என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் தெரிகிற வானை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அவருடைய பதில் வரும்.

"நிக்குது."